ஆம்ப்ரோஸ் மூடிய சுவர்

பெங்களூருவின் தொம்மலூர் பழைய ஊருக்குள் நுழைந்து, பால் பூத்துக்கு எதிர்ச் சந்தில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதே ஆம்ப்ரோஸுக்கு வீடு அடையாளம் தெரிந்துவிட்டது. கேட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலில் இருந்த கொய்யா மரத்தை வெட்டிவிட்டு, கார் நிறுத்த சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். மற்றபடி அதே கட்டடம்தான். மூன்று வருஷத்துக்கு முன் இதே கட்டடத்தின் கீழ்வீட்டில் அவர் ஐந்து நாள் வேலை பார்த்திருக்கிறார்.

போனில் கூப்பிட்டது ஒரு பெண். பெயர் வைஷ்ணவி என்றாள். மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடையில் நம்பர் வாங்கினாளாம். ஒரு ரூமில் நாற்றம் வருகிறது, சுவரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள். விட்டுவிட்டுப் பேசினாள். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆம்ப்ரோஸுக்கு ஐம்பத்துநாலு வயது. ஆஸ்டின் டவுனில் வீடு. முப்பது வருஷமாகப் பெயிண்டிங் வேலை. பட்டி பார்ப்பது, பேனல் அடிப்பது, சீலிங் போடுவது என்று வீட்டுச் சுவர் சம்பந்தப்பட்ட எல்லாம் செய்வார். வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சொன்ன நாளில் முடிப்பார். சுவர் எப்படி இருந்தாலும், வேலை முடிந்த பிறகு புதுச்சுவர் மாதிரி இருக்கும். கறை இருந்த இடம் எது என்று கேட்டால் அவருக்கே காட்டத் தெரியாது.

கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்ததும், போனில் பேசியது இவளா, இவளுடைய அம்மாவா என்று ஒரு கணம் குழம்பினார். முகம் முப்பது வயதுதான் சொன்னது. ஆனால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஹாலைக் கடந்து அந்த ரூம் வாசலுக்கு வருவதற்குள் ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். பத்தடி தூரம்கூட இருக்காது.

சிக்னல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மூச்சுதான் விட்டுவிட்டு வந்திருக்கிறது.

அவளுக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். ஐடி கம்பெனியில் வேலை. புருஷன் பரத்துக்கும் அதே மாதிரி வேலைதான். அவன் தினமும் ஆபீஸ் போகிறவன், இவள் வீட்டிலிருந்தே பார்க்கிறவள். இந்த வீட்டுக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. வந்த மூன்றாம் மாதம் இருமல் ஆரம்பித்தது. முதல் டாக்டர் அலர்ஜி என்றார். இரண்டாவது டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார். நிற்கவில்லை. படி ஏற முடியாமல் போயிற்று, அப்புறம் நடக்க முடியாமல் போயிற்று. ஊருக்குப் போனால் பத்து நாளில் ஆளே மாறிவிடுவாள். திரும்பி வந்த இரண்டாம் நாள் மறுபடியும் இருமல். பெங்களூரு பிடிக்கவில்லை, அம்மா வீட்டு ஏக்கம், அதனால்தான் உடம்பு இப்படிப் படுத்துகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். பரத்தும் சொன்னான். போன வாரம் ஸ்கேனைப் பார்த்த நுரையீரல் டாக்டரம்மாதான், மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் எங்கேயாவது சுவர் ஈரத்தில் ஓதம் அடித்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று இவள் சொன்னாள். அப்படியானால் எதையாவது வைத்து மறைத்த சுவர் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டார்.

இதையெல்லாம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு கையை நீட்டிக் காட்டினாள்.

தேக்கு நிறத்தில் பிவிசி பேனல், தரையிலிருந்து சீலிங் வரை. பத்தடி அகலம். இடது மூலையில் ஒரு பட்டை ஒரு விரல் அளவு குறைந்துபோய், அதே நிறத்தில் பட்டி வைத்து மறைத்திருந்தது. அப்படி மறைத்தது இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாது. ஆம்ப்ரோஸுக்குத் தெரிந்தது. அவர் கையால் வைத்த பட்டி அது.

"இந்தச் சுவருக்காகத்தாண்ணா இதை ஆபீஸ் ரூம் ஆக்கினேன்," என்றாள் வைஷ்ணவி. "வீடியோ கால்ல பின்னாடி பார்க்க அழகா இருக்கும். எல்லாரும் கேப்பாங்க, எங்கே போட்டதுன்னு."

அவளுடைய நாற்காலி பேனலுக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது. முதுகைச் சுவருக்குக் காட்டி, தினம் பத்து மணி நேரம்.

ஆம்ப்ரோஸ் டேப்பை எடுத்து, அளக்கத் தேவையே இல்லாத அந்தச் சுவரை அளப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் சுப்ரமணியன் அவரைக் கூப்பிட்டு இந்தச் சுவரைக் காட்டினார். அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர், அதிர்ந்து பேசாத மனிதர். அப்போது சுவர் சீலிங்கிலிருந்து இடுப்புயரம் வரை நனைந்து, பெயிண்ட் உப்பி, கைவைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மேலே நேராக அவர்களுடைய பாத்ரூம். பைப் ஜாயிண்ட் எங்கோ கசிகிறது, மேலே டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஆம்ப்ரோஸ் சொன்னார். அதில் அவர் குறை வைக்கவில்லை. ஆனால் சுப்ரமணியனின் பெண் ஸ்னேஹா பிரசவத்துக்கு வரப்போகிறாள், இப்போது பாத்ரூமை உடைத்தால் வீட்டில் எல்லாரும் எங்கே போவது என்றார் அவர். கீழே ஒரு பையன் குடிவரப் போகிறான், அதற்குள் சுவர் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்றார்.

ஆம்ப்ரோஸ் அட்ஜஸ்ட் பண்ணினார். ஈரச்சுவரின் மேலேயே மர ரீப்பர் சட்டங்கள் அடித்து, அதன்மேல் பேனலை ஏற்றினார். அஞ்சு வருஷத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது சார் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று அது அவருக்குப் பொய்யாகப் படவில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

இப்போது வைஷ்ணவியை வெளியே போய் வாசல்படியில் உட்காரச் சொன்னார். கணவரை உடனே வரச் சொல்லுங்கள் என்றார். ரூமைப் பிரிக்கும்போது நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது என்றார். அவருடைய குரலில் என்ன இருந்ததோ, அவள் ஒன்றும் கேட்காமல் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மூக்குக்கு மாஸ்க் கட்டி, கதவைச் சாத்தி, அதன் அடியில் ஈரத் துணியைச் செருகிவிட்டு ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். திறந்து பல மாதம் ஆகியிருக்க வேண்டும், இறுகிப்போயிருந்தது. மீட்டிங்கில் ரோட்டுச் சத்தம் கேட்கும் என்று மூடியே வைத்திருப்பாள். உளியை வைத்துத் தட்டித்தான் திறந்தார். அப்புறம் மூலைப் பட்டையை நெம்பி எடுத்து, முதல் பேனலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

நனைந்த கோணியை மூட்டை கட்டி மாதக்கணக்கில் போட்டுவைத்துப் பிரித்ததுபோல் மாஸ்க்கையும் தாண்டி ஒரு வாடை முகத்தில் அடித்தது. கண் எரிந்தது.

சுவர் இல்லை அங்கே. சுவர் இருந்த இடத்தில் கருப்பாக ஒன்று இருந்தது. முதலில் ஏதோ கம்பளி என்று நினைத்தார். பூசணம் அவ்வளவு தடிமனாக வளர்ந்திருந்தது. மேலே கருப்பு, நடுவில் பச்சை, தரையோரம் மஞ்சளாக வழவழவென்று ஒரு படலம். பேனலின் முதுகும் அதேபோலத்தான் இருந்தது. தொட்ட இடத்தில் மெல்லிய புகை மாதிரி தூள் கிளம்பியது. ரீப்பர் கட்டையைப் பிடித்தார், அது டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி விரலுக்குள் நசுங்கியது. ஒரு கட்டையில் வெள்ளையாகக் காது காதாகக் காளான் முளைத்திருந்தது.

ஒவ்வொன்றாகப் பிரித்தார். பத்தடியும் அப்படித்தான்.

கடைசிப் பேனலில், நாற்காலிக்குப் பக்கத்தில், ஸ்விட்ச் பாக்ஸுக்காக அவரே வெட்டிய ஓட்டை இருந்தது. அன்றைக்கு அவசரத்தில் தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டு, பிளேட் மூடிவிடும் என்று விட்டிருந்தார். பிளேட்டைச் சுற்றி இப்போது கருப்பாக ஒரு வளையம். உள்ளே கிடந்த காற்று இரண்டரை வருஷமாக வெளியே வந்துபோய்க்கொண்டிருந்த வழி அதுதான். அந்த வழிக்கு நேராக ஒரு பெண் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆம்ப்ரோஸ் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் ஓதச் சுவரோடு மல்லுக்கட்டியவர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஏன் பார்த்ததில்லை என்று யோசித்தார். மூடிய சுவர் எதையும் அவர் ஒருநாளும் திரும்பத் திறந்து பார்த்ததில்லை. அதனால்தான்.

கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனார். சுப்ரமணியன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனில் எடுத்த போட்டோவைக் காட்டி, கீழே அந்தப் பெண்ணுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது, இதனால்தான் என்று ஆம்ப்ரோஸ் சொன்னார். சுப்ரமணியன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். கோபப்படவில்லை. யோசித்தார்.

"இதுக்கு முன்னாடி இருந்தானே, சுஹாஸ்னு ஒரு பையன்," என்றார். "அவனும் இருமிண்டேதான் இருந்தான். ஆறு மாசத்துல காலி பண்ணிட்டான். பாடி வீக்குன்னு நினைச்சேன்."

மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. பிறகுதான் சுப்ரமணியன் நிமிர்ந்து, பேனலைப் போட்டது நீதானே, அஞ்சு வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது என்றாயே என்று கேட்டார். ஆமாம் சார் என்றார் ஆம்ப்ரோஸ்.

உள்ளே இருந்து அவருடைய மனைவி பாகீரதி வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கீழ்வீட்டுச் சுவரை முன்பு அவரிடம் யாரும் காட்டியதில்லை போலிருக்கிறது.

"எங்க பாத்ரூம் தண்ணியா இது?"

"ஆமாம்மா."

"அந்தப் பொண்ணு மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வரும்போது பாதிப் படியில நின்னுடும். நான் பார்த்துண்டே போவேன். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தெம்பில்லைன்னு இவர்கிட்டயே சொல்லியிருக்கேன்."

பாகீரதி போனைத் திருப்பிக் கொடுத்தார். பாத்ரூமுக்குப் போய், வால்வு எது என்று ஆம்ப்ரோஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே குனிந்து இறுக்கி மூடினார். சுப்ரமணியன் பின்னால் வந்து, என்ன பண்ணுகிறாய், குளிக்க எங்கே போவது என்றார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆம்ப்ரோஸ் கீழே வந்தபோது பரத் வந்து சேர்ந்திருந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ரூம் வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கதவைச் சாத்தினார் ஆம்ப்ரோஸ். வைஷ்ணவி வாசல்படியில்தான் இருந்தாள்.

அங்கிருந்து அப்படியே போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பேனல் போட்டது யார் என்று இவர்களுக்குத் தெரியாது. மாடியில் இருப்பவர் தானாகச் சொல்லமாட்டார். ஸ்கூட்டர் சாவி சட்டைப் பையில் இருந்தது. அந்த நினைப்பு வந்ததே அவருக்குப் பகீரென்றது.

"அம்மா, இந்தப் பேனலைப் போட்டது நான்தான்," என்றார்.

வைஷ்ணவிக்கு உடனே விளங்கவில்லை. கடையில் நம்பர் வாங்கிக் கூப்பிட்ட ஆள் எப்படி அதுவாக இருக்க முடியும் என்பதுபோல் பார்த்தாள். விளங்கியபோது முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் போய்விட்டது.

"போடும்போதே தெரியுமா? உள்ளே ஈரம்னு?"

"தெரியும்மா."

மூச்சைத் திரட்டிக்கொள்ள அவளுக்கு நேரம் பிடித்தது.

பரத் அவர் பக்கம் ஒரு அடி வைத்தான். அடிப்பான் என்று ஆம்ப்ரோஸ் எதிர்பார்த்தார், ஒதுங்கவும் இல்லை. ஆனால் அவன் அங்கேயே, தளத்திலேயே, ஹெல்மெட்டோடு உட்கார்ந்தான்.

"எல்லாம் உன் மனசுல இருக்குன்னு சொன்னேன்," என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "போன வாரம்கூடச் சொன்னேன்."

வைஷ்ணவி ஆம்ப்ரோஸிடம், டாக்டரம்மா முன்னால் வந்து இதையெல்லாம் அப்படியே சொல்வீர்களா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றார்.

அன்று மத்தியானமே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். எவ்வளவு அகலம், எத்தனை வருஷம், நாற்காலி எவ்வளவு பக்கம் என்று ஆம்ப்ரோஸிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஓட்டையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனாவை நிறுத்தி அவரை ஒரு தடவை பார்த்தார்.

பிறகு வைஷ்ணவியிடம் திரும்பி, இது ஆஸ்துமா இல்லை என்று விளக்கினார். பூசணத் தூள் தினமும் உள்ளே போகப் போக, சில பேருடைய நுரையீரல் அதோடு சண்டைபோட ஆரம்பித்துவிடும். சண்டை போட்டுப் போட்டு வீங்கும். அந்த வீட்டை விட்டு இன்றைக்கே போக வேண்டும், அந்த ரூமில் இருந்த துணி, திரை, குஷன் எதையும் கொண்டுபோகக் கூடாது, மாத்திரை கொடுத்தால் வீக்கம் வடியும் என்றார்.

"எல்லாம் சரியாயிடுமா டாக்டர்?" என்று பரத் கேட்டான்.

"வீக்கம் வடியும். ஆனா சில இடம் தழும்பா இறுகிடுச்சு. அது இனி மாறாது."

எவ்வளவு என்று கேட்டான். ஏறக்குறைய கால் பங்கு என்றார்.

கால் பங்கு. ஆம்ப்ரோஸ் காதில் விழுந்தது அது மட்டும்தான். பிறகு டாக்டரம்மா பேசியது எதுவும் அவருக்குள் போகவில்லை. ஒரு சுவரை ஐந்து நாளில் முடித்துவிட்டு, ஆறாம் நாள் அடுத்த வேலைக்குப் போனார். அந்தச் சுவரால் ஒருவருடைய மூச்சில் கால் பங்கு போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

காரிடாரில் வைஷ்ணவி அவரை நிறுத்தினாள். மாடியில் சுப்ரமணியன் சொன்னதை வழியில் அவர் சொல்லியிருந்தார். "அந்தப் பையனுக்கு யார் சொல்வாங்க?" என்று கேட்டாள். தன் உடம்பு இப்படி இருக்கும்போது அவளுக்கு அது தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை.

பாகீரதியிடம் நம்பர் வாங்கி அன்று சாயங்காலமே சுஹாஸைக் கூப்பிட்டார். அவன் மைசூரில் இருந்தான். அந்த வீட்டில் இருந்தவரை இரண்டு இன்ஹேலர் எடுத்தானாம், காலி பண்ணிய மாதமே இருமல் நின்றுவிட்டதாம். பெங்களூரு தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தானாம். டாக்டரிடம் ஒரு தடவை காட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆம்ப்ரோஸ் போனை வைத்தார்.

வீட்டுக்குப் போனால் சிந்தியா ஸ்கூல் வேலை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷ மனைவி, முகத்தைப் பார்த்தாலே தெரியும். என்ன என்றாள். எதையும் விடாமல் சொன்னார். அவள் அழுவாள், அல்லது உன்மேல் மட்டும் என்ன தப்பு என்று சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்த மாதிரி மொத்தம் எத்தனை வீடு?"

சத்தியமாக அதுவரை அது அவர் மனசுக்கு வரவில்லை. காலையிலிருந்து ஒரே சுவர்தான் கண்ணுக்குள் இருந்தது.

போனை எடுத்தார். முடித்த வேலையையெல்லாம் போட்டோ எடுத்து வைத்திருப்பார், புதுப் பார்ட்டிக்குக் காட்ட. சிந்தியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள். வெறும் அலங்காரத்துக்குப் போட்டது, ஈரத்தை மறைக்கப் போட்டது என்று அவர் பிரித்துச் சொன்னார். எல்லாப் படமும் பளபளவென்று இருந்தது. ஒரு படத்தில் பேனலை ஒட்டித் தொட்டில் மாட்டக் கொக்கி ஒன்று தெரிந்தது. அந்தக் கொக்கியையும் அவரே அடித்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. சிந்தியா அந்தப் படத்தில் விரலை வைத்தாள், எடுக்கவில்லை.

தொம்மலூர் வீட்டைத் தவிர, ஈரத்தை மறைத்தது பத்தொன்பது சுவர்.

மறுநாளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். வீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் பேச்சை வளர்க்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, குடியிருப்பவர்களைப் பயமுறுத்தாதே என்றார்கள். இரண்டு பேர், இனி எங்கள் பக்கம் வேலைக்கு வராதே என்றார்கள். வைத்தீஸ்வரன் என்று ஒருவர், இருபது வருஷப் பழக்கம், கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்க வருகிறவர், போனை முகத்தில் அடித்தாற்போல் வைத்தார். ஆம்ப்ரோஸ் பிறகு வீட்டுக்காரர்களை விட்டுவிட்டுக் குடியிருப்பவர்களின் கதவையே நேராகப் போய்த் தட்டினார். கதவு திறந்ததும் முதல் வாக்கியமாக, இந்த வேலையைச் செய்தது நான்தான் என்று சொல்லிவிடுவார். சிலர் அதைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். ஏழு வீட்டில் பிரிக்க விட்டார்கள். மூன்று சுவர் காய்ந்திருந்தது. நான்கு சுவர் கருப்பு.

தொட்டில் வீடு ஆஸ்டின் டவுனிலேயே, அவர் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. எட்டு மாதக் குழந்தை. பிறந்ததிலிருந்து நெஞ்சில் விசில் அடிக்கிறது, சளி விடவேயில்லை என்றாள் தாய். பிரித்த முதல் பேனலைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. குழந்தையைத் துணியோடு வாரி எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, முனை வரை நடந்துபோய்த்தான் நின்றாள். சாமான் எடுக்கக்கூட அந்த வீட்டுக்குள் அவள் திரும்பி வரவில்லை. கணவன்தான் வந்தான். மூன்றாம் வாரம் ஆம்ப்ரோஸ் விசாரித்தார். விசில் குறைந்திருக்கிறது என்றான்.

தொம்மலூர் வீட்டில், பைப்பைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று பாகீரதி சொன்னதுதான் நடந்தது. பாத்ரூமை உடைத்தார்கள். சுவருக்குள் போகிற பைப்பின் முழங்கை வளைவில் மயிர் கனத்துக்கு ஒரு விரிசல், அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய ஒன்றரை நாள் ஆயிற்று. கீழே சுவரின் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துச் செங்கல்லைக் காட்டி, ஜன்னலைத் திறந்துபோட்டுக் காயவிட்டார் ஆம்ப்ரோஸ். வாரக்கணக்கில் காயவிட வேண்டும், மேலே எதையும் பூசக்கூடாது என்று சொல்லிவிட்டார். சுப்ரமணியன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பாகீரதி தினமும் இறங்கி வந்து, செங்கல்லில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

வைஷ்ணவியும் பரத்தும் ஆஸ்பத்திரி போன அன்றைக்கே ஊருக்கு வெளியே சந்தாபுராவில் பரத்தின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு அங்கேயே, வெயில் படுகிற மாதிரி ஒரு வீடு பார்த்துக்கொண்டார்கள். மார்ச் மாதம், மீதிச் சாமானை எடுக்க இருவரும் தொம்மலூர் வந்தார்கள். ஆம்ப்ரோஸ் அப்போது ஜன்னல் சட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர்கள் வருவது தெரிந்திருந்தால் அந்த நேரத்துக்கு வந்திருக்கமாட்டார்.

வைஷ்ணவி ரூம் வாசலிலேயே நின்று, தோலுரித்த அந்தச் சுவரைப் பார்த்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். இருமல் இல்லை. பேச்சு விட்டுவிட்டு வரவில்லை.

"புது ஸ்கேன் வந்துச்சு," என்றாள். "வீக்கம் போயிடுச்சு. தழும்பு அப்படியே இருக்கு. இனிமே அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க."

ஆம்ப்ரோஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு மாதமாக வாக்கியம் கட்டி வைத்திருந்தார். அதற்குள் அவளே பேசினாள்.

"எனக்கு உங்க மேல கோபம் போகலைண்ணா."

"போக வேண்டாம்மா."

அவள் தலையசைத்தாள். மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்டாள். நான்கு என்றதும் கண்ணை மூடித் திறந்தாள். இன்னும் எத்தனை திறக்காமல் இருக்கிறது என்று கேட்டாள். பன்னிரண்டு என்றார். அந்த வீட்டு முகவரிகளை எனக்கு அனுப்புங்கள், நீங்கள் போய்ச் சொன்னால் கதவைச் சாத்துகிறார்கள், என் ஸ்கேனைக் காட்டி நான் பேசுகிறேன் என்றாள். பரத் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டான்.

பெட்டியை அவன் தூக்கிக்கொண்டான். அவள் வெறுங்கையோடு நடந்தாள். கேட் வரைக்கும் நிற்காமல் போனாள். கேட்டுக்கு வெளியே, காரின் கூரையில் கையை ஊன்றி, மூன்று நாலு மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம் உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

ஆம்ப்ரோஸ் போனை எடுத்து, பன்னிரண்டு முகவரியையும் ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்ப ஆரம்பித்தார்.